டெஃப்ளான் தோற்ற இடம்

செயற்கை இடுப்பு மூட்டுக்குப் பொருள் தேடுகிறவர்கள், அது வழுக்கியோடுமா, பளு தாங்குமா, சரீரத்தின் உப்பு நீரில் அரிக்காதிருக்குமா என்று பார்ப்பதோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்து ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற சஸ்திர வைத்தியர் பட்ட துயரமே போதிய திருஷ்டாந்தம்.

உராய்வு மிகக் குறைந்த டெஃப்ளானால் கிண்ணம் கடைந்து, அதில் உலோகக் குண்டு சுழலுமாறு சுமார் 300 பேருக்கு அவர் பொருத்திய மூட்டுகள் ஆரம்பத்தில் அற்புதமாகவே இயங்கின; ஆனால் இரண்டு மூன்று வருஷங்களில் குண்டு கிண்ணத்தைக் குடைந்துகொண்டு போக, உதிர்ந்த நுண்துகள்களைச் சுற்றிச் சதை கட்டிகளாய்த் திரண்டு, பக்கத்து எலும்பையும் அரிக்கத் தொடங்கிற்று. முழுத்துண்டாக இருக்கையில் சாதுவாய்க் கிடந்த வஸ்து, பொடியானதும் விஷமம் செய்தது. இதை நிச்சயப்படுத்திக்கொள்ள அந்தப் பொடியைத் தம் தொடையிலேயே வைத்துக்கொண்டு, மாதங்கள் கழித்துக் கைக்குத் தட்டுப்பட்ட கெட்டி முண்டுகளைப் பற்றி 1963-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதிய அவருடைய நேர்மையை நான் வணங்குகிறேன்.

இதற்கிடையே 1962 மே மாதத்தில், விசைத்தறிப் பற்சக்கரங்களுக்கு உபயோகமாகி வந்த ஒருவகைப் பாலிஎதிலீன் துண்டை ஒரு விற்பனைப் பிரதிநிதி கொண்டுவர, சார்ன்லி கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்திப் பார்த்து, பதிந்ததும், வீண் வேலை என்று போய்விட்டார். பட்டறையிலிருந்த ஹாரி கிரேவனோ அதைத் தேய்மானப் பொறியில் ஏற்றி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. அவ்வருஷம் நவம்பரிலேயே அப்பொருள் நோயாளிகளின் இடுப்பில் ஏறிற்று. நிபுணரின் நகத்தைக் காட்டிலும் பொறியின் பொறுமை நம்பத்தக்கது என்பது என் துணிபு.

இன்றைய பரிசோதனைச்சாலைகளில் கன்றின் ரத்தநீரில் மூழ்கிய மூட்டு, ஏறக்குறைய ஒரு வருஷ நடைக்குச் சமமெனக் கொள்ளப்படும் பத்து லட்சம் சுழற்சிகளாக, ஐந்து மடங்கு ஓடுகிறது. பிளாஸ்டிக் திரவத்தை உறிஞ்சிக் கனப்பதால், சும்மா ஊறும் இன்னொரு கிண்ணத்தையும் உடன் நிறுத்துத்தான் தேய்வைக் கணக்கிடுகிறார்கள். ஆயினும் மனிதர் ஓடுவர், இடறுவர். வைத்தியர் கிண்ணத்தைச் சற்றே சாய்த்தும் பொருத்திவிடுவர். ஆகவே பொறியில் தேறிய மூட்டையும், பொருத்தப்பட்ட பின் நெடுங்காலம் கண்காணிக்க வேண்டும். இடுப்பு மூட்டுச் சிகிச்சைகளை 1979 முதல் தேசியப் பதிவேட்டில் குறித்துவரும் ஸ்வீடனின் ஏற்பாடு, இம்மூட்டுகள் விற்பனையாகும் எல்லாத் தேசங்களிலும் கட்டாயமாக வேண்டும்.