வசூல் பைக்கு எந்த வார்?

லைனுக்குப் போகும் பையன்களுக்குப் பை வாங்கும்போது ரெக்ஸினைத் தடவிப் பார்க்கிறோம், ஜிப்பை இழுத்துப் பார்க்கிறோம். வாரை யாரும் பார்ப்பதில்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். 300 நாணயம் சேர்ந்தால் 2 கிலோ 300 கிராம். அதோடு பில் புத்தகம், தண்ணீர் பாட்டில் வேறு. இத்தனையும் மாலை வரை கழுத்தில் தொங்கினால் மறுநாள் ஆள் லீவு கேட்பதில் வியப்பென்ன?

அகலம்தான் முக்கியம். ஓரங்குல வாருக்குப் பதில் இரண்டங்குல வார் போட்டால், அதே எடை இருமடங்கு இடத்தில் பரவி, தோளில் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகும். வழவழப்பான நைலான் வார் வேர்வையில் வழுக்கும். அதன் ஓரம் கழுத்தை அறுக்கும். எங்கள் மண்டியில் கெட்டியான பருத்தி நாடாவைத்தான் போடச் சொல்கிறோம். தோளில் நிற்கும், அழுக்கானால் துவைக்கலாம்.

கல்யாண வீட்டில் போட்டோக்காரர்கள் சிலர் கேமராவைக் கழுத்தில் நேராகத் தொங்கவிடாமல், ஒரு தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பணப்பைக்கும் அதுவே சரி. கழுத்து தப்பிக்கும். பை இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். பக்கிள் தோள் எலும்பின் மேல் உட்காரக் கூடாது. எந்தத் தோளானாலும் நடுநடுவே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் போதாது. சதுரமாகவும் குறுக்காகவும் தைத்திருக்க வேண்டும். பை நன்றாக இருந்தால் வாரை மட்டும் மாற்றினால் போதும். அந்தக் கூலியைக் கடைச் செலவில் எழுதுங்கள், பையன் பற்றில் எழுத வேண்டாம்.