கோளாறு எந்தக் கண்ணியில்?

மாலை ஆறு மணி. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில், என் மகள் கணிப்பொறியில் வாராந்தரத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் இணையம் அறுந்துவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து இணைப்பு திரும்பியபோது, தேர்வு முடிந்துவிட்டதாகத் திரை அறிவித்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாம் முறை. அவள் கண்கள் கலங்கிவிட்டன.

செல்பேசி வழியாக இணையலாம் என்றால், அன்று பௌர்ணமி. ஒரு செல்பேசிக் கோபுரம் தன்னிடமுள்ள அலைவரிசையை அங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் பங்கிட்டுத்தான் தரமுடியும். கிரிவலம் வரும் பெருங்கூட்டத்தில் எங்கள் பங்குக்கு என்ன கிடைக்கும்?

“எல்லாம் கம்பெனிக்காரர்கள் செய்யும் வேலை!” என்று நான் கோபத்துடன் புகார் செய்தேன். வந்து பார்த்த பணியாளர், “லைன் நன்றாகத்தான் இருக்கிறது, சார்” என்று சொல்லிப் போய்விட்டார். இயற்பியல் கற்பிக்கும் நான் எதையும் அளக்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்!

மாணவர்களே, இணைய இணைப்பு பல கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி பழுது என்று அறிய, ஒவ்வொன்றையும் தனியே சோதிக்க வேண்டும்.

கண்ணாடி இழை

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பிக்குள் தலைமயிர் பருமனில் ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. நீங்கள் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பால்தான் ஒளி அதனுள் ஓடுகிறது. தூய கண்ணாடி இழையில் செய்தியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966இல் காட்டிய சார்லஸ் காவ், அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

கண்ணாடியில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். நாம் மூன்று, நான்கு மணி நேரம் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அது ஒரு வினாடியில் 14,000 முறைக்கு மேல் சுற்றிவிடும்!

இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசியும். ஒளி வந்து சேராவிட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அதைச் சரிசெய்வது நிறுவனத்தின் வேலை. இழையின் முனையை நீங்கள் உற்றுப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி கண்ணைக் கெடுக்கக்கூடும். எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

வைஃபை அலை

அடுத்த கண்ணி, பெட்டியிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் வானொலி அலை. வினாடிக்கு 240 கோடி அதிர்வுகள் கொண்ட அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். உலோகம் அதைத் திருப்பி அனுப்பும். தண்ணீரும் தடித்த சுவரும் அதை உறிஞ்சும். எங்கள் பெட்டியோ இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது! வெளியே எடுத்து உயரத்தில் வைத்தேன். வேகம் கூடியது. ஆனால் மாலையில் மறுபடியும் அறுந்தது. பெட்டியையும் கணிப்பொறியையும் கம்பியால் இணைத்தேன். அப்போதும் அறுந்தது. ஆகவே குற்றவாளி வைஃபையும் அன்று.

நோட்டுப் புத்தகம் சொன்ன விடை

“அப்பா, எப்போதெல்லாம் அறுகிறது என்று எழுதி வைக்கட்டுமா?” என்றாள் மகள். ஒரு வாரம் எழுதினாள். 6.02, 6.05, 6.01... எல்லாம் மாலை ஆறு மணியை ஒட்டியே! கூடவே ஒரு குறிப்பு: “பெட்டியின் எல்லா விளக்குகளும் அணைந்து மீண்டும் எரிகின்றன.”

மாலை ஆறு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுகிறோம்! மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். ஓமின் விதிப்படி, கம்பிகளின் மின்தடையால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் தாழும். நல்ல அடாப்டரில் உள்ள மின்தேக்கி அந்தச் சிறு இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். பழையதாகித் தேய்ந்த மின்தேக்கியால் அது முடியாது. பெட்டி அணைந்து, மறுபடி தொடங்க இரண்டு நிமிடம் ஆகும்.

இது கருதுகோள்தான். சோதனை வேண்டாமா? அதே வோல்ட், அதே ஆம்பியர் குறித்த வேறோர் அடாப்டரை மாட்டி மோட்டாரைப் போட்டோம். பெட்டி அணையவில்லை. பழையதை மாட்டினோம், அணைந்தது. மூன்று முறை செய்தும் அதே முடிவு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கண்டதை எழுதி வை. பிறகு முடிவு சொல். ஆய்வுக்கூடத்தில் நான் ஆண்டுதோறும் சொல்லும் இந்தப் பாடத்தை, என் வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவி எனக்குச் சொல்லித்தந்தாள். உங்கள் வீட்டிலும் இணையம் அறுந்தால், புகார் செய்யும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

இழந்த மூன்று தேர்வுகள் திரும்பவில்லை. அடுத்த தேர்வை அவள் முழுவதும் எழுதினாள். மதிப்பெண்ணா? அதற்கு மோட்டார் பொறுப்பன்று!