சோபாவை கிழிக்கும் பூனை: அடிச்சா நிக்காது... பழைய சாக்கும் கயிறும் போதும்!

புதுசா வாங்கிய சோபா. தவணை கூட இன்னும் முடிந்திருக்காது. அதற்குள் கைப்பிடி ஓரம் நூல் நூலாக தொங்கும். விழுப்புரமோ, திண்டிவனமோ, பூனை வளர்க்கும் வீடுகளில் இது வாடிக்கையான தலைவலிதான். முதலில் அதட்டல், அப்புறம் அடி. கடைசியில், "சாக்குல போட்டு ஊருக்கு வெளியே விட்டுட்டு வந்துடு" என்பதில் போய் முடியும்.

அந்த அளவுக்கு போக வேண்டியதே இல்லை. பிராண்டுவதை பூனையால் நிறுத்த முடியாது. ஆனால் எங்கே பிராண்ட வேண்டும் என்பதை நம்மால் மாற்ற முடியும்.

பூனை ஏன் பிராண்டுது?

சேட்டைக்காகவோ, கோபத்திலோ அல்ல. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நகம். பூனையின் நகம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளரும். பழைய மேல் உறை கழன்றால்தான் உள்ளே இருக்கும் கூரான நகம் வெளியே வரும். சோபா பக்கத்தில் பிறை வடிவில் கிடக்கும் சின்னச் சின்ன ஓடுகள் இப்படி கழன்றவைதான்.

இரண்டாவது, வாசனை. பாதத்தில், விரல்களுக்கு இடையே வாசனை சுரப்பிகள் உண்டு. பிராண்டும்போது அந்த வாசனை துணியில் ஒட்டிக்கொள்ளும். "இது என் இடம்" என்று பூனை எழுதி வைக்கும் அறிவிப்பு பலகை அது. அதனால்தான் கிழித்த இடத்தையே திரும்பத் திரும்ப தேடிப் போகிறது.

மூன்றாவது, சோம்பல் முறிப்பது. தூங்கி எழுந்ததும் முன்னங்காலை நீட்டி, நகத்தை ஊன்றி முதுகை இழுத்து விடும்.

அடித்தால் என்ன ஆகும்? பிராண்டுவது நிற்காது. ஆள் இல்லாத நேரத்தில் செய்ய மட்டும் கற்றுக்கொள்ளும். பயம் கூடினால் தன் இடத்தை உறுதி செய்ய இன்னும் அதிகமாக பிராண்டவும் செய்யும்.

சோபாவுக்கு பதில் என்ன?

விலை உயர்ந்த 'கேட் ட்ரீ' வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வரும் ஊர்கள் இவை. பழைய சணல் சாக்குக்கு பஞ்சமில்லை. நகம் நன்றாக மாட்டி இழுபடும் சொரசொரப்பு சணலில் இருக்கிறது. தேங்காய் நார் கயிறும் அப்படித்தான்.

மூன்றடிக்கு குறையாத ஒரு மரக்கட்டையை கனமான பலகையில் நேராக நிறுத்தி, கயிறை இடைவெளி இல்லாமல் இறுக்கமாக சுற்றினால் போதும். ஆணி முனை வெளியே நீட்டக்கூடாது. தொங்கும் பிசிறுகளை வெட்டிவிட வேண்டும், பூனை விழுங்கிவிடக்கூடாது. முக்கியமாக, கட்டை ஆடவே கூடாது. ஒரு தடவை சாய்ந்து பயமுறுத்திவிட்டால் பூனை மறுபடி அந்தப் பக்கம் வராது.

கயிறும் மூன்றடியும் சும்மா சொல்வதல்ல. 4 ஆயிரத்துக்கும் அதிகமான பூனை வளர்ப்போரிடம் கேட்டு 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கயிறு சுற்றிய, 3 அடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கட்டைகளையே பூனைகள் அதிகம் பயன்படுத்தியது தெரியவந்தது.

உங்கள் பூனை சோபாவை விட்டுவிட்டு கால்மிதி, பாய் என்று தரையில் கிடப்பதையே கிழிக்கிறதா? அப்படியென்றால் அதற்கு நிற்கும் கட்டை பிடிக்காது. ஒரு பலகையில் சாக்கை இழுத்துக் கட்டி தரையில் போடுங்கள்.

எங்கே வைக்கணும்?

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கட்டையை பால்கனி மூலையில் வைத்தால் பயனில்லை. கிழிபடும் சோபாவை ஒட்டியே வைக்க வேண்டும். பூனை தூங்கி எழும் இடத்துக்கு பக்கத்திலும் ஒன்று இருந்தால் நல்லது. அதில் பிராண்டியதும் உடனே ஒரு துண்டு மீனோ, தடவலோ கொடுங்கள். பழகிய பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வேண்டிய இடத்துக்கு கொண்டு போகலாம்.

கூடவே சோபாவின் கிழிந்த பகுதியில் இருபக்க டேப் ஒட்டலாம், அல்லது வழுக்கும் பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கிக் கட்டலாம். காலில் ஒட்டுவதும் வழுக்குவதும் பூனைக்கு பிடிக்காது.

நம்ம ஊர் குப்பைமேனி

வெளிநாடுகளில் பூனையை ஈர்க்க 'கேட்னிப்' என்ற செடியை பயன்படுத்துவார்கள். நம் வேலியோரம் வளரும் குப்பைமேனிக்கு பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அப்போது பிடுங்கிய வேரின் வாசனைக்கு பல பூனைகள் மயங்கி உருளும். அந்த வேரை கட்டையில் தேய்த்துப் பார்க்கலாம். தின்னக் கொடுக்க வேண்டாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

பூனையை விரட்ட சோபா இடுக்கில் பாச்சை உருண்டை வைப்பது, பினாயில் தெளிப்பது இரண்டுமே ஆபத்து. இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷமாகலாம். எலுமிச்சை எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மிளகாய்ப்பொடி கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கும்.

நகத்தை வெட்டலாமா?

வெட்டலாம். 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை, கூரான நுனியை மட்டும். நகத்துக்குள் இளஞ்சிவப்பாக தெரிவது ரத்தக்குழாய் உள்ள பகுதி, அதை தொடக்கூடாது. பயமாக இருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் ஒரு முறை கேட்டு பழகிக்கொள்ளலாம்.

ஆனால் நகத்தையே நிரந்தரமாக எடுக்கும் 'டீக்ளா' அறுவை சிகிச்சை வேறு விஷயம். அது நகம் வெட்டுவது அல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. வலி, நடையில் மாற்றம், கடிக்கும் பழக்கம் என பின்விளைவுகள் வரலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-ல் இதற்கு தடை விதித்தது. இந்தியாவில் 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதை தடுப்புச் சட்டம், பிரிவு 11, விலங்கின் உடலை சிதைப்பதை குற்றம் என்கிறது. தக்க காரணமின்றி பட்டினியில் வாடும்படி விலங்கை கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம்தான். சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடும் யோசனை இதில் மாட்டும்.

சோபா போகட்டும், குழந்தையை பிராண்டினால்?

இதை அலட்சியமாக விடக்கூடாது. ரேபிஸ் நாய்க்கு மட்டுமே வரும் நோய் அல்ல. ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். ஊசி தொடங்கினால், முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28-ம் நாள் ஊசிகளை தவறவிடக்கூடாது. வீட்டுப் பூனைக்கும் 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர் ஊசி அவசியம்.

எத்தனை நாளில் மாறும்?

குட்டி என்றால் சில நாட்களிலேயே கட்டைக்கு பழகிவிடும். வளர்ந்த பூனைக்கு சில வாரங்கள் ஆகலாம். கட்டை கிழிந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பூனையின் வாசனை ஊறிய அந்த பழைய கட்டைதான் சோபாவுக்கு காவல். கயிறு முழுசாக அறுந்த இடத்தில் மட்டும் புதுசு சுற்றினால் போதும்.