மலையைக் கரைக்கும் மழை



மலை என்றால் அசையாதது, அழியாதது என்று நாம் எண்ணுகிறோம். உறுதிக்கு உவமை கூற வேண்டுமானால் மலையையே கூறுகிறோம். நில நூலார் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார். மலைகள் நாள்தோறும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டில் அவற்றைத் தேய்ப்பதில் முதலிடம் பெறுவது, நம் கூரைமேல் விழும் இந்த மழைநீரே.

இங்கு இரண்டு செயல்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பாறையானது இருந்த இடத்திலேயே உடைந்தும் இளகியும் மண்ணாவது சிதைவு எனப்படும். அம்மண்ணை நீரோ காற்றோ வாரிக்கொண்டு போவது அரிப்பு எனப்படும். குளிர் நாடுகளில் பாறைப் பிளவினுள் புகுந்த நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கிறது. நம் நாட்டில் உறைபனிக்கு வேலையில்லை. வெப்பமும் ஈரமும் கூடிப் பாறையைத் தின்கின்றன. மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இத்தனை நீர் பட்டால் எந்தக் கல்தான் தாங்கும்?

தைப்பூசத்திற்குப் பத்துமலை சென்று 272 படிகள் ஏறாத குடும்பம் நம் தோட்டத்தில் அரிதன்றோ? அந்த மாபெரும் குகையை எந்தச் சிற்பியும் குடையவில்லை. அது சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, மென்மையான அமிலமாகிறது. சோடாப் புட்டியில் குமிழியிடும் வாயுவும் இதுவேயாகும். இந்நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெடிப்பு பிளவாகிறது, பிளவு குகையாகிறது. குகையின் கூரையில் சொட்டும் நீர், வாயுவை இழந்ததும் கரைத்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. கூரையிலிருந்து விழுதுபோல் தொங்கும் கற்கள் அவ்வாறு உண்டானவையே.

ஆயினும், இச்சிதைவு எப்பொழுதும் நமக்குக் கோயிலமைக்க இடம் தந்துகொண்டிருப்பதில்லை. 1973ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், ஈப்போவிலுள்ள குனோங் செரோ மலையிலிருந்து பெரும்பாறை சரிந்து, அடிவாரத்தில் குடியிருந்த 40 பேரைப் பலிகொண்டது. செங்குத்தான சுண்ணாம்பு மலையில் பிளவுகள் கரைந்து அகன்றுகொண்டே போகும். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு மலை முன்போலவே நிற்கும்.

இனிக் கருங்கல்லைப் பார்ப்போம். தித்திவாங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லாலானது. அதிலுள்ள சில கனிமங்கள் நீர்பட்டு இளகிக் களிமண்ணாகின்றன. படிகம்போன்ற துகள்கள் கரையாமல் மணலாகின்றன. இரும்புச்சத்து துருவேறிச் சிவக்கிறது. நம் செம்மண்ணின் நிறம் துருப்பிடித்த மண்வெட்டியின் நிறமே. கருங்கல் சிதைந்தபொழுது அதில் சிக்கியிருந்த வெள்ளீயத் தாதும் விடுபட்டது. கனமான பொருளாதலால் அது நெடுந்தொலைவு செல்லாமல் கிந்தாப் பள்ளத்தாக்கு போன்ற தாழ்நிலங்களில் தங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தந்த நாடாக மலாயா விளங்கியதற்கு, மழை செய்துவைத்த இவ்வேற்பாடே காரணம்.

நமக்கு நெருங்கிய செய்தி மேல்மண்ணைப் பற்றியது. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது போவதற்குச் சில பெருமழைகள் போதும். நம்பாதவர்கள், மழை விட்டதும் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம்வரை செம்மண் தெறித்திருக்கும். மழைத்துளி ஒவ்வொன்றும் சிறு சம்மட்டிபோல் தரையை அடித்து மண்ணைக் கிளப்புகிறது. புல் அடர்ந்த பக்கத்துச் சுவரிலோ அத்தகைய கறை மிகக் குறைவு. துளியின் அடியைப் புல் தாங்கிக்கொள்கிறது.

இந்த எளிய உண்மை தோட்ட நிருவாகங்களுக்கு விளங்கச் சில காலம் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரக் காட்டில் ஒரு புல்கூடத் தலைகாட்டக் கூடாது என்பதே விதி. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வெயிலில் குனிந்து புல் வெட்டினர். களைகளோடு மண்ணின் காவலையும் அவர்களைக்கொண்டே அகற்றினார்கள் என்பது என் கருத்து. மேல்மண் கழுவுண்டு ஆறுகளைச் சேர்ந்தது. பின்னரே, சரிவில் படிப்படியாக மேடை வெட்டுவதும், அவரை இனக் கொடிகளைத் தரையில் படரவிடுவதும், ஓடும் மண்ணைத் தேக்கக் குழிகள் தோண்டுவதும் வழக்கமாயின.

பால்மரக் காடுகள் பல செம்பனையாக மாறிவிட்ட இக்காலத்தும் அப்பாடம் பயன்படுகிறது. வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கிடையே அடுக்கச் சொல்வது வீண் வேலை என்று முணுமுணுப்போர் உண்டு. மேட்டுக் காட்டில் மட்டைகள் சரிவுக்குக் குறுக்கே கிடந்தால், ஓடிவரும் நீர் அவற்றில் மோதி வேகம் குறைந்து, சுமந்துவந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடும். சரிவின் போக்கில் நீளவாட்டமாகக் கிடந்தாலோ அவற்றின் ஓரமாகவே நீர் வழியமைத்துக்கொண்டு மண்ணை அள்ளிச் செல்லும். குறுக்கே கிடந்த மட்டை மக்கிய இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். கருமையான, ஈரமான புதுமண் கையில் வரும்.