இருப்பில் குறைந்த எண்ணெய்

ஹவாயின் ஓவாஹு தீவில், பேர்ல் ஹார்பருக்கு அருகே ரெட் ஹில் என்றொரு குன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அதைக் குடைந்து 20 எரிபொருள் தொட்டிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம். ஒன்றில் ஏறத்தாழ 4.7 கோடி லிட்டர் பிடிக்கும். தொட்டிகளின் அடிப்பகுதிக்கும் தீவு மக்களின் குடிநீர் ஊற்றுக்கும் இடையில் இருந்தது சுமார் 100 அடிப் பாறைதான்.

2014 ஜனவரியில், பழுதுபார்த்து மீண்டும் நிரப்பிய 5ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் ஒரு லட்சம் லிட்டர் கசிந்தது. அதன் பிறகும் கிடங்கு இயங்கியது. 2021 மே 6 அன்று குழாய் உடைந்து விமான எரிபொருள் கொட்டியது. கொட்டியதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டோம் என்றார்கள். இருப்புக் கணக்கிலோ சுமார் 75,000 லிட்டர் இடித்தது. அதற்கும் ஏதோ சமாதானம் சொல்லிக் கணக்கை மூடினார்கள். அந்த எண்ணெய் தீயணைப்பு அமைப்பின் வடிகால் குழாய்க்குள் தேங்கிக் கிடந்தது. நவம்பர் 20 அன்று சுரங்கத்தில் ஓடும் சிறு வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் மோத, எண்ணெய் குடிநீர்க் கிணற்றுப் பக்கம் பாய்ந்தது. ஒரு வாரத்தில் வீட்டுக் குழாய்களில் எரிபொருள் வாடை. அந்தத் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். குழந்தைகளுக்கு வாந்தி, தோலில் தடிப்பு என்று பெற்றோர் புகார் செய்தபோது, முதலில் கிடைத்த பதில் தண்ணீரால் ஆபத்தில்லை என்பதே. 2022 மார்ச்சில்தான் கிடங்கை நிரந்தரமாக மூட உத்தரவு வந்தது.

மே மாதத்துக்கும் நவம்பருக்கும் நடுவில் போன அந்த ஆறு மாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பூமிக்குள் நடக்கும் கசிவு முதலில் தலைகாட்டும் இடம் கணக்குப் புத்தகம்தான். நம் ஊர் பெட்ரோல் பங்குகளிலும் அப்படித்தான். டிப் ராடை இறக்கி அளக்கும்போது தினமும் கொஞ்சம் குறைந்தால் வெயில், ஆவி என்று எழுதிவிடுவது எளிது. ராடின் நுனியில் தடவிய பேஸ்ட் நிறம் மாறினால் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்த ஓட்டை வழியாக பெட்ரோல் வெளியேயும் போகலாம். 2013இல் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எரிபொருள் வந்தபோது, காரணம் பூமிக்கடியில் போன குழாயின் கசிவு.

சந்தேகம் வந்தபின் செய்யும் ஆய்விலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பெட்ரோல் நீரில் மிதக்கும். கண்காணிப்புக் கிணற்றின் துளைக்குழாய் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மேலே மிதப்பது அதில் சிக்காது. அறிக்கையில் ‘எண்ணெய் இல்லை’ என்று வரும். கோடையில் நீர்மட்டத்தோடு எண்ணெயும் கீழே இறங்கும். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அதில் ஒரு பகுதி மண்துகள்களுக்கிடையே சிக்கிக் கீழேயே நின்றுவிடும். ஒரு பருவத்தில் மட்டும் அளந்துவிட்டுச் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிக்கக் குறைந்தது மூன்று கிணறுகள் தேவை. மாதிரி எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தளும்ப நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் அந்த மாதிரி உதவாது. தேடும் பொருள் ஆவியாகி அந்தக் குமிழிக்குள் போய்விடும்.

தேடுவது முக்கியமாக பென்சீனை. இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நாக்கில் சுவை தட்டுவதற்கே ஏறத்தாழ 0.5 மில்லிகிராமாவது வேண்டும். வரம்பைப் போல் 50 மடங்கை நெருங்கும்போதும் தண்ணீர் சாதாரணமாகத்தான் தெரியும். இந்தியப் பெட்ரோலில் பென்சீன் ஒரு சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளது முழுக்கக் கரைந்தால், எட்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை வரம்பு வரை கெடுக்கப் போதும்.

பங்குக்கோ எண்ணெய்க் கிடங்குக்கோ பக்கத்தில் போர் போட்டிருப்பவர்கள் வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையை நம்பி இருக்கக் கூடாது. டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு என்று வரும் அந்தத் தாளில் பென்சீனுக்கு இடமே இருக்காது. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். வாடை வந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்; கொதிக்க வைக்கவும் வேண்டாம், ஆவி அடுப்படியில்தான் நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாடை எந்தத் தேதியில், எந்த நேரத்தில் வந்தது என்பதையும், போரின் ஆழத்தையும் அதில் குறிப்பிடுங்கள்.