பள்ளி வாயிலில் 50 மீட்டர்

புது தில்லி: பள்ளி விடும் மணி அடித்ததும், சிப்ஸ் பொட்டலங்கள் சரமாகத் தொங்கும் கடையைக் குழந்தைகள் மொய்ப்பது தலைநகரில் பழகிப்போன காட்சி. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளோ, சுற்றிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்ற விதி 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

இந்த விதி அரசின் மனத்தில் தானாக உதித்ததல்ல. பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகத் தில்லியில் ஒரு தம்பதி தொடங்கிய உதய் ஃபவுண்டேஷன், 2010-இல் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2015 மார்ச்சில்தான் நெறிமுறைகளுக்கு வடிவம் கொடுக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. விதிகள் அரசிதழில் வெளியாக 2020 ஆகிவிட்டது. மனு போட்டபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தை அதற்குள் மேல்நிலை வகுப்புக்கு வந்திருக்கும்.

பசியோடு குழந்தைகள் உறங்கும் நாட்டில் இது வசதி படைத்தோரின் கவலை என்ற வாதம் உண்டு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆய்வில், அதிக எடை கொண்ட குழந்தைகள் 2.1-லிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்துள்ளனர். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் மாளிகைக்கு மட்டுமா போகிறது? 5 முதல் 19 வயது வரையிலான இந்தியர்களில் சுமார் 1.25 கோடிப் பேர் 2022-இல் உடல் பருமனுடன் இருந்ததாக 'லான்செட்' இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 1990-இல் இது சுமார் 4 லட்சம்.

ஓடி ஆட இடமும் வேண்டுமே. குர்கானில் குடிமக்கள் அமைப்புகள் 2013 நவம்பரில் ஞாயிறு காலைகளில் வாகனங்களை நிறுத்திவைத்து, சாலையைச் சைக்கிளுக்கும் விளையாட்டுக்கும் திறந்துவிட்டன. 'ராஹ்கிரி' எனப்பட்ட இம்முயற்சி மறு ஆண்டே தில்லி கன்னாட் பிளேஸுக்கும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், குடியிருப்புப் பூங்காக்களில் 'பந்து விளையாடக்கூடாது' என்று பலகை மாட்டுவதும் குடியிருப்போர் சங்கங்கள்தாம்.

2025 மே மாதம், பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு சிபிஎஸ்இ உத்தரவிட்டது. அன்றாட எரிசக்தியில் சர்க்கரையின் பங்கு 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 4 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் அது 13 சதவீதமாக உள்ளது என்கிறது அந்தச் சுற்றறிக்கை.

பொட்டலத்தின் முகப்பிலேயே எச்சரிக்கை அச்சிடக் கோரி புணே அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் அளித்தது. ஜூலையில் மேலும் மூன்று மாதம் நீட்டித்தது. 50 மீட்டரைக் கண்காணிக்கும் பொறுப்போ உள்ளாட்சிகளிடமும் மாநில நிர்வாகத்திடமும் இருக்கிறது. அளவு நாடாவுடன் வரும் அதிகாரிக்காகப் பெற்றோர் காத்திருக்கின்றனர்.