மடிக்கணினியும் கையடக்கக் கணினியும்

கணக்கிடும் யந்திரங்கள் ஒரு காலத்தில் அகன்ற கூடங்களை அடைத்துக்கொண்டிருந்தன. 1955ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிறுவப்பெற்ற மின்னணுக் கணினியும் அத்தகையதே. அதன் பின்னர் அரை நூற்றாண்டிற்குள் கணினியானது மனிதனுடைய மடியிலும், பின்பு அவனுடைய சட்டைப்பையிலும் இடம் பிடித்துவிட்டது. மடியில் வைத்து இயக்குவதை மடிக்கணினி என்றும், பையிலிட்டுச் செல்வதைக் கையடக்கக் கணினி என்றும் வழங்குவர். பின்னது முன்னதன் சுருங்கிய உருவமே என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பொருத்தமானதன்று. உருவத்தைச் சுருக்கும்போது விரல், கண், மின்கலம், வெப்பம் ஆகிய நான்கும் தத்தம் எல்லைகளை விதிக்கின்றன. அவற்றை உணராமல் ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தால் பொருளும் உழைப்பும் வீணாகும்.

இருவகைக் கணினிகளின் தோற்றம்

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் கணினி, எடுத்துச் செல்லத்தக்கது என்று பெயர் பெற்றதாயினும் அதன் எடை ஏறக்குறைய 11 கிலோகிராம் இருந்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்னும் கணினியில், திரையானது விசைப்பலகையின்மீது புத்தகத்தைப் போல மடியுமாறு அமைக்கப்பட்டது. இன்றைய மடிக்கணினிகளின் வடிவம் இவ்வமைப்பைத் தழுவியதேயாகும். மேஜைக் கணினி செய்யும் வேலைகளில் எதனையும் கைவிடாமல் அதனை எடுத்துச் செல்லத்தக்கதாக்குவதே இவ்வகையின் நோக்கம்.

கையடக்கக் கணினியின் நோக்கம் வேறு. சில வேலைகளை மட்டும் தேர்ந்துகொண்டு, அவற்றை எவ்விடத்திலும் எந்நேரத்திலும் நொடிப்பொழுதில் முடித்துத் தருவதே அதன் பணி. 1996இல் வெளிவந்த பைலட் என்னும் கருவி இதற்குச் சிறந்த உதாரணமாகும். அதனை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன்னரே அதே அளவுள்ள மரக்கட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினார். முகவரி குறிக்கவோ, சந்திப்பு நேரம் பார்க்கவோ நேரும்போது அக்கட்டையை எடுத்து, எழுதுவது போலப் பாவனை செய்து பார்ப்பார். முகவரிகள், நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள் ஆகிய நான்குமே பைலட்டின் முக்கிய அலுவல்களாக அமைந்தன.

விரலும் கண்ணும்

முழு அளவுள்ள விசைப்பலகையில் அடுத்தடுத்த விசைகளின் மையங்களுக்கிடையே சுமார் 19 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இரு கைகளின் விரல்களும் ஒன்றையொன்று இடிக்காமல் இயங்குவதற்கு ஏற்ற அளவு இது. சட்டைப்பையில் அடங்கும் கருவியில் இதற்கு இடமில்லை. ஆகவே எழுத்துகளை உட்செலுத்த வேறு வழி காண நேர்ந்தது. 1993இல் வந்த நியூட்டன் என்னும் கருவி, மனிதருடைய இயல்பான கையெழுத்தைப் படித்தறிய முயன்றது. பிழைகள் மலிந்தமையால் பரிகாசத்திற்கு ஆளாயிற்று. பைலட்டோ, ஒவ்வோர் எழுத்திற்கும் எளிய கோட்டு வடிவம் ஒன்றை வகுத்து, அதனைப் பயனாளரே பழகிக்கொள்ளுமாறு செய்து வெற்றி கண்டது. எனினும் இம்முறை சிறு குறிப்புகளுக்கு ஏற்றதேயன்றி நீண்ட அறிக்கைகளுக்கு ஏற்றதன்று.

திரையிலும் இதே நிலைமையைக் காணலாம். பைலட்டின் திரை 160 வரிசைகளில் வரிசைக்கு 160 புள்ளிகளாக, மொத்தம் 25,600 புள்ளிகளைக் கொண்டது. 600 வரிசைகளில் வரிசைக்கு 800 புள்ளிகள் கொண்ட மடிக்கணினித் திரையிலோ 4,80,000 புள்ளிகள் உண்டு. பிற்காலத்தில் சிறு திரைகளிலும் புள்ளிகள் பெருகிவிட்டன. ஆயினும் எழுத்து ஓரளவுக்குமேல் சிறுத்தால் கண் அதனைப் படிக்க இயலாது. எனவே அகன்ற அட்டவணையையும் பொறியியல் வரைபடத்தையும் ஒரே பார்வையில் காண்பதற்குப் பெரிய திரையே வேண்டும்.

மின்சக்தியும் வெப்பமும்

கணினிச் சில்லு ஒன்று செலவிடும் மின்சக்தி, அதன் துடிப்பு வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்துப் பெரும்பாலும் அமைகிறது. மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவு நான்கில் ஒரு பங்காகும்; அத்துடன் வேகத்தையும் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்காகும். கையடக்கக் கணினியைச் சமைப்போர் இவ்விதியைப் பயன்படுத்தினர். பைலட்டின் சில்லு வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளுடன் இயங்கியது. அக்கால மடிக்கணினிகளின் வேகம் இதைப்போலப் பன்மடங்கு. ஆயினும் இரண்டு சிறிய உலர் மின்கலங்களைக் கொண்டு பைலட் பல வாரங்கள் உழைத்தது; மடிக்கணினியோ சில மணி நேரத்தில் மின்சார இணைப்பை நாடியது.

செலவாகும் மின்சக்தி முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. மடிக்கணினியில் சிறு விசிறியைப் பொருத்தி அவ்வெப்பத்தை வெளியேற்றலாம். சட்டைப்பையில் கிடக்கும் கருவி தன் மேற்பரப்பின் வழியாகவே வெப்பத்தை விடவேண்டியிருப்பதால், இடைவிடாமல் சில வாட் அளவுக்குமேல் செலவிட்டால் கையால் பற்ற இயலாதவாறு சூடேறிவிடும். ஆகையால் நெடுநேரம் ஓயாது நடக்கவேண்டிய பெருங் கணக்கீடுகளுக்கு அது ஏற்றதாகாது.

சிம்ப்யூட்டர் புகட்டும் பாடம்

இவ்வேறுபாடுகளை நன்குணர்ந்து இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சியே சிம்ப்யூட்டர். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தின் பொறியியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய இக்கருவியின் முன்மாதிரி 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. எழுத்தறியாதவருக்கும் பயன்படும் பொருட்டு, இந்திய மொழிகளில் உள்ள வாசகத்தை ஒலியாக மாற்றிச் சொல்லும் வசதி இதில் சேர்க்கப்பட்டது. தனித்தனியே வாங்க இயலாத கிராம மக்கள் ஒரே கருவியைப் பலராகப் பகிர்ந்துகொண்டு, அவரவர் விவரங்களைத் தத்தம் சில்லு அட்டையில் வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் உற்பத்தியாக அமிடா என்னும் பெயரில் இது விற்பனைக்கு வந்தபோது, மிகக் குறைந்த விலையுள்ள வகையே ஏறத்தாழ 10,000 ரூபாய் ஆயிற்று. கிராமத்தவருக்கு அது எட்டாத விலை. அதே சமயத்தில் கைத்தொலைபேசிகளின் விலை விரைவாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்த அளவில் விற்பனை நிகழவில்லை. ஆயினும் எளியோருக்குரிய கணினி கையில் அடங்குவதாகவும் அவர்தம் மொழியில் பேசுவதாகவும் இருத்தல் வேண்டும் என்ற கருத்து பிழையாகவில்லை. இன்றைய கைத்தொலைபேசிகள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வாய்ச்சொல்லைக் கேட்டு விடையளிப்பது அக்கருத்தை மெய்ப்பிக்கிறது.

எவ்வேலைக்கு எது?

2011ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு, நாட்டின் 640 மாவட்டங்களிலும் காகிதப் படிவங்களுக்கு மாறாகக் கையிலேந்தும் மின்னணுக் கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. வீட்டு வாயிலில் நின்றபடியே விடைகளைப் பதியவேண்டிய அவ்வேலைக்கு மடிக்கணினி ஏற்றதன்று. அவ்வாறு திரட்டிய விவரங்களைத் தொகுத்து, அட்டவணையிட்டு, அறிக்கை எழுதும் கட்டத்திலோ பெரிய திரையும் முழு விசைப்பலகையும் இன்றியமையாதவை ஆகின்றன.

2007க்குப் பின்னர் கைத்தொலைபேசியும் கையடக்கக் கணினியும் ஒன்றாகிவிட்டன. கையடக்கக் கருவிகளுக்கென்று சிக்கனமாக வளர்க்கப்பட்ட ஆர்ம் வகைச் சில்லுகள் 2020இல் ஆப்பிள் நிறுவனத்தின் மடிக்கணினிகளிலும் புகுந்தன. இங்ஙனம் உள்ளுறுப்புகளில் வேற்றுமை குறைந்துவருகிறது. ஆனால் விரலின் பருமனும் கண்ணின் ஆற்றலும் மாறவில்லை. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி ஒன்றையே துணையாகக் கொண்ட மாணவர் பலர் பாடங்களைக் கேட்க முடிந்தது. கட்டுரை எழுதவும், கணினி நிரல் அமைத்துப் பழகவும் அக்கருவி எளிதில் இடந்தரவில்லை.

ஆகவே கணினி வாங்கும் பள்ளியும் அலுவலகமும் குடும்பமும் விலையையும் எடையையும் வினவுவதற்கு முன்னர், வேலை யாது என்று வினவுதல் வேண்டும். நின்றுகொண்டு பார்ப்பதற்கும், கேட்பதற்கும், சிறு விவரங்களைப் பதிவதற்கும் கையடக்கக் கருவி போதும். அமர்ந்து எழுதுவதற்கும், ஒப்பிட்டு ஆராய்வதற்கும், புதியதொன்றை ஆக்குவதற்கும் மடிக்கணினி வேண்டும். முன்னதை மட்டும் தந்துவிட்டுப் பின்னதன் பயனை மாணவரிடம் எதிர்பார்த்தல் முறையாகாது.